பட்டியலில் ஏழாவது பெயர்

அப்பாவின் பெயர் பட்டியலில் ஏழாவதாக இருந்தது. க. பரராசசிங்கம், சுருவில். அவர் இறந்து நான்கு மாதம் கழிந்திருந்தது. யாரும் வெட்டவில்லை.

பட்டியல், ஊர்காவற்றுறையில் ஒரு பாடசாலை மண்டபத்தின் சுவரில் ஒட்டியிருந்தது. சனிக்கிழமை காலை, மத்தியஸ்த சபை கூடும் நேரம். வெளியே வைகாசிக் கடல். அதன் வெளிச்சம் யன்னலால் வந்து கூரையில் அசைந்துகொண்டிருந்தது. தை மாதத்திலிருந்து நான் ஒழுங்காக நித்திரை கொண்டதில்லை. எதைப் பார்த்தாலும் அதற்கும் எனக்கும் இடையில் கொஞ்சம் தண்ணீர் நிற்பதுபோலத் தெரிந்தது.

நான் அங்கே இணங்குவதற்காகப் போகவில்லை. ஒரு சான்றிதழுக்காகப் போனேன். சுருவில் கிராமத்தில், எங்கள் வளவிலிருந்து பக்கத்து வளவுக் கிணற்றுக்குப் போகும் வழியைச் சரவணமுத்து மாமா பங்குனி மாதம் தகரம் அடித்து மூடிவிட்டார். எங்கள் பக்கத்தில் குடிக்கக்கூடிய தண்ணீர் அந்த ஒரு கிணற்றில்தான் உண்டு. மற்றவை உவர். கிணறு நிற்பது அவருடைய நிலத்தில். ஆனால் அதில் பாதிப் பங்கும், போய்வரும் வழியும் எங்களுக்கு உண்டு என்று காணி உறுதியில் எழுதியிருக்கிறது. நீதிமன்றம் போனால் நான் வெல்வேன். போவதற்கு முன் இங்கே வந்து, இணக்கம் ஏற்படவில்லை என்று எழுதி வாங்க வேண்டும். இந்த விதியை எனக்குச் சொல்லித் தந்தவரே அப்பாதான்.

அப்பா இருபத்தெட்டு வருடம் நீதிமன்றத்தில் இலிகிதராக இருந்தவர். வழக்கேடுகளுக்கு நூல் போட்டுக் கட்டுவார், தவணைத் திகதி எழுதுவார், பெயர் கூப்பிடும்போது கோவையை நீட்டுவார். நாற்பத்தொரு வயதில் பதிவாளர் பரீட்சையில் சித்தியடைந்தார். வவுனியாவில் இடம் கொடுத்தார்கள். சம்பளப் படி உயரும், விடுதி கிடைக்கும், ஓய்வூதியமும் கூடும். அப்பா ஒரு கிழமை போய் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். காரணம் கேட்டால் அம்மாதான் பதில் சொல்லுவா.

"உவருக்கு வேற ஊர்த் தண்ணி ஒத்துவராது. ஏழு நாள் நிண்டிட்டு வந்து பத்து நாள் இருமினவர்."

அம்மாவின் பெயர் பரிமளம். இதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பா. அப்பா மறுக்கமாட்டார்.

இலிகிதராகவே ஓய்வு பெற்றார். அதன் பிறகு மத்தியஸ்த சபையில் சேர்ந்தார். பதின்மூன்று வருடம். சம்பளம் இல்லை. வெள்ளி பின்னேரமே, சபைக்குப் போடும் சேட்டை அழுத்தி வைப்பார். பையில் எப்போதும் இரண்டு பேனை இருக்கும், இரண்டும் மற்றவர்களுக்கு. கையெழுத்து வைக்க மனம் வரும் நேரத்தில் பேனை தேடக்கூடாது என்பார். தேடுகிற நேரத்தில் மனம் திரும்பிவிடுமாம்.

நான் கொழும்பில் கணிய அளவையாளர். ஒரு கட்டடத்துக்கு எவ்வளவு சீமெந்து, எவ்வளவு கம்பி, எவ்வளவு பணம் என்று கணக்கிடுவது என் தொழில். பெரிய கட்டட ஒப்பந்தங்களில் பிணக்கு வந்தால், நீதிமன்றத்துக்கு முன் ஒரு தீர்ப்பாளரை நியமிப்பார்கள். அவர் ஆவணங்களைப் படித்து யார் சரி என்று சொல்வார். கட்டணம் நாள்கணக்கில். இப்போது சில இடங்களில் மத்தியஸ்தரையும் அழைக்கிறார்கள். மத்தியஸ்தர் முடிவு சொல்வதில்லை. இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேச வைப்பார். சென்ற கார்த்திகையில் எனக்கு இரண்டுக்கும் பயிற்சி எடுக்க வாய்ப்பு வந்தது. ஒன்றைத்தான் எடுக்கலாம். நான் செய்யக்கூடியதைச் செய்தேன், ஒரு அட்டவணை போட்டேன்.

முதல் வரியில், ஒப்பிட்டுப் பார்க்க மட்டும், மாவட்ட நீதிபதி. நிலையான சம்பளம், வாகனம், ஓய்வூதியம், ஆனால் இடங்கள் குறைவு. அடுத்து கட்டடத் தீர்ப்பாளர். ஒரு நாள் கட்டணம் அப்பாவின் ஒரு மாத ஓய்வூதியத்தைத் தாண்டும். வயது ஏற ஏறக் கேள்வி கூடும். அதற்குக் கீழே வணிக மத்தியஸ்தர். மணிக்கணக்கில் கட்டணம் உண்டு, அழைப்புத்தான் குறைவு, இனிமேல் கூடலாம் என்கிறார்கள். கடைசி வரியில் மத்தியஸ்த சபை உறுப்பினர்.

அதைத் தொலைபேசியில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் இறங்குதுறைப் பக்கம் நின்றிருக்க வேண்டும். காற்று அவருடைய சொற்களுக்கிடையில் வந்து வந்து போனது.

"அதில என்னை எங்க போட்டிருக்கிறீர்?"

"கடைசி வரியில அப்பா."

"வரும்படி?"

"பஸ் காசு."

"ஒரு கோப்பை பிளேன்ரீயும் தாறவை. அதையும் போடும். குறைச்சுக் காட்டாதையும்."

முன்னேற்றம் என்று ஒரு நிரல் இருந்தது. அவருடைய வரியில் 'இல்லை' என்று போட்டிருந்தேன். அதையும் வாசித்தேன்.

"அது சரியில்லை. முதல் வருசம் என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. இப்ப ரெண்டு பக்கமும் கேக்கினம்."

இதற்குச் சபையின் முறை தெரிய வேண்டும். ஒவ்வொரு பிணக்கையும் மூன்று பேர் விசாரிப்பார்கள். சுவரிலுள்ள பட்டியலைப் பார்த்து ஒரு தரப்பு ஒருவரைத் தெரிவுசெய்யும், மற்றத் தரப்பு இன்னொருவரைத் தெரிவுசெய்யும். அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிவுசெய்வார்கள். சனங்கள் மேலேயிருந்துதான் பார்ப்பார்கள். ஏழாவது பெயர்வரை விரல் வருவது அரிது. வரத் தொடங்கியது என்றுதான் அப்பா சொன்னார். நான் நிரலைத் திருத்தவில்லை. முன்னேற்றம் என்றால் நான் வேறு எதையோ நினைத்திருந்தேன்.

ஒரேயொரு முறை அவருடைய வேலையைப் பார்த்திருக்கிறேன். விடுமுறையில் வந்திருந்தபோது நெடுந்தீவில் ஒரு சபைக்குப் போனார். ஏன் என்று தெரியாமல் நானும் கூடப் போனேன். படகின் கீழ்த்தட்டில் இயந்திரச் சூடு. மேலே, கடலும் வானமும் ஒரே வெள்ளையாக இருந்தன. கரை மறைந்த பிறகு படகு நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, மிதப்பவர்போல உட்கார்ந்திருந்தார்.

நெடுந்தீவில் வேலி கிடையாது. முருகைக்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மதிலாக்குவார்கள். சாந்து பூசுவதில்லை. ஒருவர் அந்த மதிலைக் கல் கல்லாகத் தன் மச்சாளின் பக்கம் தள்ளிக்கொண்டு போகிறார் என்பது முறைப்பாடு. நான் அளவு நாடா கொண்டுவரவில்லையே என்று யோசித்தேன். நில அளவைப் படம் இருந்தால் பத்து நிமிட வேலை. அப்பா படத்தைக் கேட்கவில்லை. மதிலைப் பற்றியே கேட்கவில்லை. இருவரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்.

"கடைசியா எப்ப மற்றவற்ற வீட்டில தண்ணி வாங்கிக் குடிச்சனீங்கள்?"

அந்தப் பெண் விரல்விட்டு எண்ணினா. அந்த மனிதர் வேறொரு நாளைச் சொன்னார். இவ இல்லை என்றா. எந்த நாள் என்பதில் சண்டை தொடங்கியது. அந்தச் சண்டைக்குள்ளிருந்து, அந்த மனிதரின் தாயின் செத்தவீட்டில் இவவுக்கு யாரும் தேத்தண்ணி கொடுக்கவில்லை என்ற கதை வெளியே வந்தது. பின்னேரம் நாங்கள் படகுக்குப் போகும்போது, இருவரும் ஆளுக்கொரு பக்கத்தில் நின்று கல்லை எடுத்துக்கொண்டிருந்தார்கள். திரும்பும் படகில் அப்பாவிடம், எல்லை எது என்று கடைசிவரை ஒருவரும் சொல்லவில்லையே என்றேன். தெரியாது என்றார். அவருக்கு அதில் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

தை மாதம் ஒரு விடியற்காலை அப்பா எழும்பவில்லை. அவ்வளவுதான்.

அந்த நாட்கள் எனக்கு வரிசையாக நினைவில்லை. பந்தல், வெள்ளைத் துணி, சோடாப் போத்தல்கள், யாரோ என் தலையைத் தடவியது. கொழும்புக்கு வந்த பிறகும் விடிய ஐந்தரைக்கு விழிப்பு வரும். அரை நித்திரையில் கிணற்றுக் கப்பி சுற்றும் சத்தம் கேட்கும். பிறகு அப்பா இரண்டு தண்ணீர்க் கானோடு வேலி இடைவெளியால் குனிந்து வருவார். கான்கள் நிறைந்திருக்கும், ஒரு துளிகூடச் சிந்தாது. ஏதோ சொல்ல வாயெடுப்பார். அந்த இடத்தில் நான் எழும்பிவிடுவேன்.

அம்மாவுக்கு முழங்கால் நோ. தண்ணீர் தூக்க ஏலாது. அப்பாதான் எப்போதும் அள்ளிவந்தவர். ஆகவே நான் ஒரு தீர்வு செய்தேன். ஆயிரம் லீற்றர் நீலத் தாங்கி ஒன்று வாங்கி, லொறியில் அனுப்பினேன். கிழமைக்கு ஒருமுறை தண்ணீர்ப் பவுசர் வண்டி வந்து நிரப்ப ஒழுங்கு செய்தேன். கொழும்பிலிருந்தே முடித்த வேலை. சரியான வேலை என்றும் நினைத்தேன்.

பங்குனியில் அம்மா தொலைபேசியில் சொன்னா, மாமா வழியை அடைத்துவிட்டார் என்று. ஏன் என்று கேட்டீங்களா என்றேன். அடைச்சவர் சொல்லட்டும், நான் என்னத்துக்குக் கேக்கப் போறன் என்றா. சரவணமுத்து மாமா அப்பாவின் மச்சான். முன்பு மாத்தறையில் கடை வைத்திருந்தவர். மனைவி இல்லை. பிள்ளைகள் இருவரும் பாரிசில். நான் உறுதியின் பிரதியை இணைத்து அவருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். பதில் இல்லை. சித்திரை, வைகாசி இரண்டிலும் பவுசர் இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் வந்தது. தாங்கித் தண்ணீர் வெயிலில் சுட்டது. அம்மா அதை ஆறவைத்துக் குடித்தா. முறைப்பாடு கொடுத்தேன்.

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை மண்டபத்தில் நின்றேன். அப்பாவின் பையைத்தான் கொண்டுபோயிருந்தேன். உறுதி அதற்குள் இருந்தது.

சபைத் தலைவர் யூலியானா ரீச்சர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. பட்டியலைக் காட்டி, ஆளுக்கொருவரைத் தெரிவுசெய்யச் சொன்னா. நான் முதற் பெயரைக் காட்டினேன். யாராக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். மாமா கதிரையிலிருந்து எழும்பி, கண்ணாடியைக் கழற்றிச் சேட்டில் துடைத்துப் போட்டுக்கொண்டு, சுவருக்குக் கிட்டப் போனார். விரல் ஒவ்வொரு பெயராகக் கீழே இறங்கியது. ஏழில் நின்றது.

"இவர்."

ரீச்சர் பட்டியலைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா.

"அண்ணை, அவர் இல்லையெல்லோ."

"தெரியும். பாடை தூக்கினதில நானும் ஒராள்."

"அப்ப வேற ஒராளைச் சொல்லுங்கோ."

"இதில இருக்கிற பேரில ஒண்டைச் சொல்லச் சொன்னீங்கள். சொல்லிட்டன்."

நான் எழும்பினேன். இறந்தவரைத் தெரிவுசெய்ய முடியாது என்றும், உயிரோடு இருந்தாலும் அவர் என் தகப்பன், என் பிணக்கை அவர் விசாரிக்க விதி இடம் தராது என்றும் சொன்னேன். ஒப்பந்தக் கூட்டங்களில் பேசும் குரலில் சொன்னேன். மாமா அன்று முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"பிள்ளை, அவர் உம்மட பக்கம் சாயமாட்டார். என்ர பக்கமும் சாயமாட்டார். வேற ஆரையெண்டு நான் சொல்லுறது?"

மண்டபத்தில் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. ரீச்சர் பேனையைத் தேடினா. அண்ணை ஆளைத் தெரிவுசெய்ய மறுக்கிறார், இப்படியே இணக்கமில்லை என்று சான்றிதழ் எழுதலாம், எழுதவோ என்று என்னிடம் கேட்டா. நான் கேட்டு வந்தது அதுதான். ஓம் என்று சொன்னால் போதும். பத்து மணிப் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். மாமா இன்னும் சுவரடியிலேயே நின்றார். விரல் பெயரில் இருந்தது. கூரையில் கடல் அசைந்தது. கனவில் கானோடு குனிந்து வரும் மனிதர் வாயெடுத்தார். இந்த முறை நான் கனவிலிருந்து எழும்பவில்லை.

"ரீச்சர், எழுத முதல் அப்பா கேக்கிற கேள்வியை ஒருக்கா கேளுங்கோ."

எந்தக் கேள்வி என்று ரீச்சர் கேட்கவில்லை. பதின்மூன்று வருடம் பக்கத்தில் இருந்தவ.

"அண்ணை, கடைசியா எப்ப இவையின்ர வீட்டு ஆக்களோட தண்ணி குடிச்சனீங்கள்?"

மாமா உடனே சொன்னார். மச்சான் சாவதற்கு முதல் நாள் விடிய, ஐந்தரைக்கு, கிணற்றடியில். பிறகு மிச்சத்தையும் சொன்னார், எங்களுக்கல்ல, பட்டியலுக்குச் சொல்வதுபோல. ஒவ்வொரு விடியலும் அப்பா கானோடு வருவாராம். சம்பளமில்லாத நீதவான் வாறார் என்று இவர் பகிடி பண்ணுவாராம். இண்டைக்கு ஆரை மறியலுக்கு அனுப்பப்போறீர், எந்தச் சிறைக்கு என்று கேட்பாராம். முதல் வாளியில் இருவரும் ஆளுக்கொரு செம்பு குடிப்பார்கள். பத்து நிமிடம். மாத்தறைக் கடையை விட்டு வந்த நாளிலிருந்து அது தவறியதில்லை.

"செத்த பிறகு முப்பத்தொரு நாள் பாத்துக்கொண்டிருந்தன். செத்தவீட்டுத் துடக்கு, அதுதான் வரேல்லை எண்டு நினைச்சன். முப்பத்தஞ்சாம் நாள் லொறியில தாங்கி வந்து இறங்குது. நீலத் தாங்கி. கிணத்தடியில நிண்டு பாத்தா அதுதான் தெரியுது. பிறகு பவுசர். ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை." விரலைப் பெயரிலிருந்து எடுத்தார். "அள்ள ஆள் வராத கிணத்துக்கு வழி என்னத்துக்கு? ஆடு வரவோ?"

ரீச்சர் என் பக்கம் திரும்பி அதே கேள்வியைக் கேட்டா. அந்த உறுதியின் ஒவ்வொரு வரியும் எனக்குப் பாடம். அந்தக் கிணற்றில் கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தேன் என்பது நினைவில் இல்லை. அம்மாவின் முழங்காலைப் பற்றிச் சொன்னேன். தாங்கியை அனுப்பியது நான் என்று சொன்னேன். ஒருவரிடமும் கேட்காமல் அனுப்பினேன் என்பதையும் சொன்னேன்.

"அவள் பரிமளம் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்," என்றார் மாமா.

"நீங்களும் கேட்டிருக்கலாம், மாமா."

அவர் சுவரடியை விட்டு வந்து கதிரையில் இருந்தார்.

இணக்கம் எழுதப்பட்டது. நான் பல ஒப்பந்தங்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு நிபந்தனையைப் பார்த்ததில்லை. வழியைத் திறப்பது மாமாவின் கடமை. நாள்தோறும் ஒரு கானாவது அள்ளுவது எங்கள் கடமை, நான் கொழும்பில் நிற்கும் நாட்களில் அம்மா கிணற்றடிக்கு வர, மாமா தூக்கிக் கொடுப்பார். பாத்தியம் உள்ளவர்மேல் கடமை வைக்கிறீர்களே என்று நான் சொல்லப் பார்த்தேன். ரீச்சர் அப்படியே எழுதிவிட்டா. தாங்கித் தண்ணீர் உடுப்புத் தோய்ச்சலுக்கும் கத்தரிக்கன்றுக்கும் என்பதையும் மாமா போடச் சொன்னார். அது எழுதத் தேவையில்லை என்று ரீச்சர் மறுத்தா.

கையெழுத்து வைக்கும் நேரம். மேசையில் ஒரு பேனைதான், அதுவும் ரீச்சரின் கையில். நான் பைக்குள் கைவிட்டேன். இரண்டு இருந்தன. ஒன்றை மாமாவிடம் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையெழுத்து வைத்துவிட்டுத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

சுருவிலுக்கு ஒரே பஸ்தான். இருவரும் அதில்தான் வந்தோம். வெயிலில் தரவை வெளியும் பனைகளும் மெதுவாகப் பின்னால் போயின. மாமா முன் இருக்கையிலிருந்து திரும்பாமலே, மச்சான் சொன்ன அந்தத் தீர்ப்பு வேலையில் எனக்கு என்ன தருவார்கள் என்று கேட்டார். ஒரு நாள் கட்டணத்தைச் சொன்னேன்.

"மச்சானுக்குப் பஸ் காசு."

"பிளேன்ரீயும்," என்றேன்.

அவருடைய தோள் குலுங்கியது. சிரிப்பா வேறா என்று பின்னாலிருந்து தெரியவில்லை.

பின்னாளில் தீர்ப்பாளர் பயிற்சியைத்தான் நான் எடுத்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும். கட்டணம் கூடுதல், தேவையும் உண்டு, எனக்கு ஆவணங்கள்தான் விளங்கும். அட்டவணையில் அப்பாவின் வரியை மட்டும் திருத்தினேன். வரும்படிக்குக் கீழே பிளேன்ரீ. முன்னேற்றத்துக்குக் கீழே இருந்த 'இல்லை' என்பதை எடுத்துவிட்டேன்.

சபை கூடியதற்கு அடுத்த நாள் விடிய ஐந்தரைக்கு விழித்தேன். கப்பிச் சத்தம் கேட்டது. கனவு என்று கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். சத்தம் நிற்கவில்லை. எழும்பிப் போய்ப் பார்த்தேன். தகரம் கழற்றப்பட்டு வேலியோடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மாமா ஆணிகளைப் பிடுங்கி ஒரு சிரட்டையில் போட்டிருந்தார். குசினியிலிருந்து அம்மா இரண்டு கானையும் கொண்டுவந்து என் காலடியில் வைத்துவிட்டு உள்ளே போனா. நான் இடைவெளியால் குனிந்து போனேன்.

இன்னும் வெளிக்கவில்லை. மாமா கப்பிக் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். கிணற்றுக் கட்டின்மேல் இரண்டு செம்பு இருந்தன.

"வாரும் நீதவான்," என்றார். "இண்டைக்கு ஆரை மறியலுக்கு அனுப்பப்போறீர்?"

செம்பை எடுத்தேன். தண்ணீர் குளிர்ந்திருந்தது. அவர் தன் செம்பைக் குடித்து முடிக்கும்வரை நானும் நின்றேன்.